ஞாபகக் கல்லா, வீண் பெருமையா?



போன மாதம் நம் சபை வாலிபன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. "பாஸ்டர், அதுக்கு முன்னாடி தரங்கம்பாடி கோட்டையில போட்டோ எடுக்கப் போறோம். ஜெபம் பண்ணுங்க" என்றான். வேன், போட்டோக்காரர், புதுத் துணி எல்லாம் பேசி முடித்துவிட்டான். நானும் சந்தோஷமாய் ஜெபித்து அனுப்பினேன்.

அன்று ராத்திரியே அவன் தகப்பனார் வந்தார். காக்களூரில் ஒரு கம்பெனியில் தினக்கூலிக்கு உழைக்கிறவர். "நாப்பதாயிரம் மூணு வட்டிக்கு வாங்கிட்டேன் பாஸ்டர். பையன்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அழுதார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

படம் எடுப்பது பாவமா? பாவம் என்று பிரசங்க பீடத்தில் நின்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் வேதாகமக் கல்லூரியில் நான் டிப்ளமோ வாங்கிய படம் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே! யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து யோசுவா ஞாபகமாக நாட்டவில்லையா (யோசுவா 4)? ஆகவே கேள்வி படத்தைப் பற்றியதல்ல. அது எதை ஞாபகப்படுத்துகிறது, அதன் பாரத்தை யார் சுமக்கிறார் என்பதே கேள்வி.

அந்தக் கோட்டையையே பாருங்கள். டேனிஷ்காரர் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் அது. 1706-ல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஐயரை 1708-ல் அங்கேதான் சிறை வைத்தார்கள். கடன் வழக்கில் சிக்கிய ஒரு விதவைக்காக அவர் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவரோடு இருந்த பகை அதில் முற்றிவிட்டது. ஏறக்குறைய நான்கு மாதம் அடைபட்டுக் கிடந்தார். அப்படிப்பட்ட இடத்தில், பெற்ற தகப்பனைக் கடனாளியாக்கிவிட்டு நின்று சிரிக்கலாமா?

ஆனால் பையனைக் குற்றப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குத் தெரியாதே! தெரியாமல் வைத்தது யார்? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). பிள்ளை கணக்குப் பார்க்கவில்லை. தகப்பன் கணக்கை மறைத்தார். செலவு யாருடையது என்று கேட்காமலே நான் ஜெபித்தேன். மூன்று பேரும் தவறினோம். பாசத்தினாலே மறைத்தாலும், மறைப்பு மறைப்புதான். அது பிள்ளையை அறியாமலே அநியாயக்காரனாக்கிவிடும்.

மறுநாள் தகப்பனாரிடம், "பிரதர், நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்களே சொல்லிடுங்க" என்றேன். சொன்னார். பையன் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு எழுந்து போய் வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். வாங்கிய பணம் அந்த வாரமே திரும்பிப் போயிற்று. முன்பணம் கொஞ்சம் நஷ்டம்தான்; போகட்டும்.

நிச்சயதார்த்தத்தன்று வீட்டு வாசலிலேயே படம் எடுத்தார்கள், தகப்பனாரை நடுவிலே நிறுத்தி. அது ஞாபகக் கல்! கலியாணத்துக்குப் பிறகு சொந்தச் சம்பளத்தில் தரங்கம்பாடி போவார்களாம். தாராளமாய்ப் போகட்டும். 1718-ல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்தில், சீகன்பால்க் ஐயர் அடக்கம் பண்ணப்பட்ட இடத்தில், முழங்கால்படியிட்டு வரட்டும்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டு விசேஷத்தின் பாரத்தை யார் சத்தமில்லாமல் சுமக்கிறார்? இன்றைக்கே கேளுங்கள். சுமக்கிறவர்களே, வாய் திறந்து சொல்லுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.