எஞ்சியவரின் கடமை



இன்றைய நற்செய்தியில் (மத் 24:37-44) நம்மை உறுத்தும் ஓர் இடம் உண்டு. ஒரே வயலில் வேலை செய்யும் இருவரில் ஒருவர் போய்விடுவார், மற்றவர் எஞ்சுவார் என்கிறார் ஆண்டவர்.

கல்கத்தாவில் நம் கார்டன் ரீச் பகுதி மக்களுக்கு இது கண்ணால் கண்ட செய்தி. 1942 டிசம்பர் 20, திருவருகைக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்றிரவு ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் கல்கத்தாமீது குண்டு வீசின. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய இரவிலும் வந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாக ரயிலிலும் கால்நடையாகவும் நகரைவிட்டு ஓடினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5, அதுவும் திருவருகைக்கால ஞாயிறுதான். நம் பக்கத்துக் கிதர்பூர் துறைமுகம் பட்டப்பகலில் தாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், அவர்களில் மிகப் பலர் துறைமுகக் கூலித் தொழிலாளர்கள். அது வங்கப் பஞ்சத்தின் ஆண்டு. ஏறத்தாழ முப்பது லட்சம் உயிர்களைப் பசியும் நோயும் கொண்டுபோன காலத்தில், கூலியை விட்டு ஓட ஏழைக்கு ஏது வழி?

அந்நாள்களின் கதை இங்குள்ள பழைய குடும்பங்களில் வழிவழியாக வருகிறது. அபாயச் சங்கு, இருட்டடிப்பு, சன்னலில் ஒட்டிய கறுப்புத் தாள், பதுங்குகுழி என்று சொல்லிவந்து, "கடவுள்தான் நம்மைக் காப்பாற்றினார்" என்று முடிப்பார்கள். அந்த நன்றி நியாயமானது. ஆனால் அதிலேயே நின்றுவிட்டால், துறைமுகத்தில் இறந்தவரைக் கடவுள் கைவிட்டார் என்று ஆகிவிடாதா?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார் (லூக் 13:4-5). 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நம் தமிழ் மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டவரின் வீட்டு வாசலிலேயே இறந்தவர்களின் விசுவாசத்தில் குறை சொல்ல நமக்கு வாய் வருமா?

பிழைத்தது நம் புண்ணியத்துக்குக் கிடைத்த பரிசு அன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எகிப்தில் அந்நியராய் இருந்ததை இஸ்ரயேலரை நினைக்கச் சொன்ன கடவுள், அதனாலேயே அந்நியர்மீது அன்புகூரச் சொன்னார் (இச 10:19). விவிலியத்தில் நினைவு பல இடங்களில் கட்டளையோடுதான் வருகிறது. விழித்திருங்கள் என்று ஆண்டவர் சொல்வதும் நம் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்வதற்காக அல்ல; பக்கத்து வீட்டுக் கூக்குரல் நம் காதில் விழுவதற்காக.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா கண்டார் (எசா 2:4). அந்த நாளுக்காகக் காத்திருப்பவர்கள் சும்மா இருக்க முடியாது. எனவே இந்தத் திருவருகைக்காலத்தில் மூன்று காரியங்கள் செய்வோம். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் கதைகளைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, தப்பிக்க வழியின்றி இறந்தவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். குடும்பச் செபத்தில், பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்களுக்காக ஒரு மன்றாட்டு வையுங்கள். இன்று பிழைப்புக்காக நம் தெருவுக்கு வந்திருக்கும் அயலூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குப் போய், அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். எஞ்சியிருக்கும் நம்மிடம் ஆண்டவர் கணக்குக் கேட்பார். ஆமென்.