செம்பருத்தி எந்தப் பாடம்?

செம்பருத்திப் பூவை வரையச் சொன்னால் நம் பள்ளிக் குழந்தை என்ன செய்கிறது? கரும்பலகையில் உள்ள படத்தைப் பார்த்து அப்படியே வரைந்துகொள்கிறது. வாயிலருகே அதே பூ மலர்ந்து நிற்கிறது. ஒரு கண்ணும் அதன் பக்கம் திரும்புவதில்லை. படம் அழகாயிருக்கிறது, மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால், காணாததைக் கண்டதுபோல் காட்டும் பழக்கத்தையும் குழந்தை அன்றே கற்றுக்கொள்கிறது. இதனை வெறும் கல்விக் குறை என்று சொல்லி அமையலாமா? இது அறத்தைச் சார்ந்த குறை என்றே கருதுகிறோம். குறை குழந்தையுடையதன்று; கற்பிக்கும் நம்முடையது.

ஓவியத்திற்கு ஒரு மணி, அறிவியலுக்கு வேறொரு மணி என்று வகுத்தவர்கள் பெரியவர்களே. குழந்தை அப்பிரிவை அறியாது. உதிர்ந்த சிவப்புச் செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா படியும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்ட இடம் இளஞ்சிவப்பாகும். சுண்ணாம்புத் தெளிநீர் பட்ட இடம் பச்சையாகும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே கையாளட்டும். மஞ்சள் பூசிய தாளிலோ அதே தெளிநீர் சிவப்புக் கோடிடும். நம் வீடுகளில் ஆரத்தி நீர் சிவப்பதும் இவ்வாறே. அமிலமும் காரமும் அங்கே வண்ணங்களாகப் பேசுகின்றன. இது ஓவியமா, வேதியியலா?

1907-இல் உரோமையில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, 1939-இல் சென்னைக்கு வந்தார். போர்க்காலத்தில் கோடைக்கானலில் தங்கிப் பணியாற்றினார். அவரது முறையில் பயிலும் குழந்தை, மரத்தில் செதுக்கிய இலை வடிவங்களின் விளிம்பைத் தடவி அறிகிறது; பின்னர் அவ்வடிவங்களை உண்மை இலைகளில் தேடுகிறது. கை அறிந்ததைக் கண் தேடுகிறது.

உள்ளதை உள்ளவாறே வரைந்தால் கற்பனை கருகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். வேப்பிலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் அடிப்பகுதி நடுநரம்பின் இருபுறமும் ஒத்திராது. ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் இருக்கும். நாள்தோறும் பார்க்கும் நம்முள் எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறோம்? கூர்ந்து வரையும் குழந்தை கண்டுகொள்ளும், "ஏன் இப்படி?" என்று கேட்கும். கற்பனை அந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

இதற்குப் பெரும் செலவு இல்லை. வேண்டுவது பொறுமையும், கோணலாக இருந்தாலும் கண்டு வரைந்த படத்தைப் பாராட்டும் துணிவுமே. பெற்றோரே, இன்று மாலை உங்கள் பிள்ளை ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், "அழகாயிருக்கிறதா?" என்று ஆராயுமுன், "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேளுங்கள். உண்மையை நேசிக்கும் மனம் அவ்வினாவில் வேர்கொள்ளும்.