எலியின் எலும்பும் ஜீவகாருண்யமும்

சூட்டூசி வைத்தியம் சீன மரபின் பழைய சிகிச்சைகளுள் ஒன்று. அதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், மெல்லிய ஊசியைத் தோலுக்குள் செருகி, வெளியே நிற்கும் அதன் பிடியில் மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையின் பஞ்சைச் சுருட்டிக் கொளுத்துவார்கள். சூடு ஊசி வழியே உள்ளே இறங்கும். மற்றதில், ஊசியையே நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, குத்திய வேகத்தில் எடுத்துவிடுவார்கள். சிறுநீரகமே எலும்பை ஆள்கிறது என்பது சீன மருத்துவத்தின் அடிப்படைக் கொள்கை. அதனால் எலும்பு தேய்ந்தவர்களுக்கு இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ள ஷென்ஷு, முழங்காலுக்குக் கீழே உள்ள சூசான்லி முதலிய புள்ளிகளில் ஊசி வைக்கிறார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு நவீன அறிவியலின் ஒப்புதலைத் தேடிச் சீன ஆய்வாளர்கள் எலிகளிடம் போனார்கள். பெண் எலியின் இரண்டு சினைப்பைகளையும் அறுத்து எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு நின்றுபோகும். எலும்பை அரிக்கும் செல்கள் அதைக் கட்டும் செல்களை முந்திக்கொள்ளும். சில வாரங்களிலேயே எலும்பு மெலியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நேர்வதன் நகல் இது. இப்படி மெலிந்த எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஊசி, ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை என்று வைத்துப் பார்ப்பார்கள். கடைசியில் எல்லாக் குழுக்களும் கொல்லப்படும். தொடை எலும்பும் முதுகெலும்பும் எடுக்கப்பட்டு, மைக்ரோ சி.டி. கருவியில் அளக்கப்படும், எவ்வளவு சுமைக்கு உடைகிறது என்று உடைத்தும் பார்க்கப்படும்.

ஒருவரின் பிணி தீர இன்னோர் உயிரைக் கொல்லலாமா என்ற கேள்வியைக் கடலூர் மாவட்டத்தில் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஆய்வுக்கூடங்களில் தமிழ்நாட்டு மூலிகைச் சாறுகள் பல, நீரிழிவுக்கும் ஈரல் நோய்க்கும் மருந்தாகுமா என்று விஸ்டர் என்னும் ஆய்வக வகை எலிகளில் சோதிக்கப்பட்டுள்ளன. அதே மாவட்டத்து வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் எனப்படும் ராமலிங்க சுவாமிகள் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. பக்கத்தில் 1872இல் அவர் எழுப்பிய சத்திய ஞானசபைக்குள் கொலையையும் புலாலையும் விட்டவர்களே நுழையலாம் என்பது அவர் வைத்த விதி. ஆய்வுக்கூடம், ஞானசபை இரண்டுமே உயிரின் துன்பத்தைப் போக்கவே இருக்கின்றன. எந்த உயிரின் துன்பத்தை என்பதில்தான் அவை பிரிகின்றன.

இந்தியச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கப் பார்க்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு விதை போட்டவர், மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்றுதான் தமிழர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். உயிரைக் காக்கவோ நோயின் துன்பத்தைக் குறைக்கவோ உதவும் அறிவுக்காகச் செய்யப்படும் பரிசோதனையை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. அதற்குப் பல கட்டுப்பாடுகளை மட்டும் விதிக்கிறது: மயக்க மருந்து வேண்டும், தவிர்க்க முடிந்தால் தவிர்க்க வேண்டும், வேறு வழி இருந்தால் அதை நாட வேண்டும். அவற்றில் ஒன்று உற்றுப் பார்க்கத் தக்கது. முயல், தவளை, எலி போன்ற சிற்றுயிர்களில் அதே முடிவு கிடைக்குமானால் பெரிய விலங்கைத் தொடக்கூடாது என்கிறது சட்டம். இரக்கத்தால் எழுதப்பட்ட விதிதான். ஆனால் அதன் விளைவாகச் சுமை முழுவதும் எலியின் முதுகில் இறங்கியது. உடம்பின் அளவை வைத்து உயிரின் மதிப்பை ஏன் முடிவு செய்ய வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

வள்ளலாரிடம் அந்தக் கேள்வியே எழாது. 1823இல் சிதம்பரம் வட்டாரத்து மருதூரில் பிறந்த அவர், ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் இரக்கத்தை உணர்ச்சிப் பெருக்காக விட்டுவிடாமல் தர்க்கமாகவே கட்டுகிறார். எல்லா உயிர்களும் ஒரே கடவுளால் ஆக்கப்பட்டவை, ஆகையால் உடன்பிறப்புகள், உடன்பிறப்பின் துன்பம் கண்டு உருகுவது உரிமையால் வருவது. உயிர்களுக்கு வரும் துன்பங்களை அவர் ஏழாக எண்ணுகிறார்: பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை. அடுத்து அவர் செய்யும் வகுப்புதான் இங்கே முக்கியம். பசியும் கொலையும் உயிரை உடம்பிலிருந்தே பிரித்துவிடுபவை. அவற்றை நீக்குவது பர ஜீவகாருண்யம். மற்ற ஐந்தையும் நீக்குவது அபர ஜீவகாருண்யம். பிணி இந்த இரண்டாம் படியில் இருக்கிறது. பிணியை அவர் சிறிதாக நினைத்தார் என்று இதற்குப் பொருளில்லை. மூலிகைகளின் குணங்களை வரிசைப்படுத்தி எழுதி வைத்தவர் அவர். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு குறையைத் தீர்ப்பதும், உயிரையே காப்பதும் ஒரே தராசில் நிற்காது என்பதே வகுப்பின் கருத்து.

இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஓர் உயிரைக் கொன்று அதன் இறைச்சியால் இன்னோர் உயிரின் பசியைத் தீர்ப்பது ஜீவகாருண்யம் ஆகாது என்று அந்த நூலிலேயே முடிவு சொல்கிறார். பசி தீர்ப்பதுதான் அவருக்கு அறங்களிலெல்லாம் தலையாய அறம். அதற்கே கொலையை அனுமதிக்காதவர், அதற்குக் கீழ்ப்படியில் வைத்த பிணி நீக்கத்துக்கு அனுமதிப்பாரா? எலி ஆய்வைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. எழுதியதிலிருந்து கிடைக்கும் விடை இதுதான். வேறு விதமாக வளைக்க இடமே இல்லை.

தாவர உணவுக்கு மட்டும் எப்படி இடம் கொடுத்தார் என்று கேட்கலாம். அவரே கேட்டுக்கொண்ட கேள்வி அது. மரமும் புல்லும் ஓரறிவு உயிர்கள். அவற்றின் விதை, காய், கனி, தழை ஆகியவற்றை எடுப்பது நகமும் மயிரும் களைவது போல வலி தராதது என்பது அவர் பதில். பதில் முழு நிறைவு தருகிறதோ இல்லையோ, அவர் கையில் எடுத்த அளவுகோல் தெளிவாகத் தெரிகிறது: எடுக்கப்படும் உயிருக்கு வேதனை உண்டா, இல்லையா? எலியைப் பொறுத்தவரை இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கண்ணைச் சுருக்குவது, மூக்கும் கன்னமும் தட்டையாவது, காது மடங்குவது, மீசை நிற்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு எலியின் வலியை அளக்கும் முகக்குறி அளவுகோல் ஒன்றை 2011இல் ஆய்வாளர்களே வகுத்துவிட்டார்கள். அதை இன்று ஆய்வுக்கூடங்களே பயன்படுத்துகின்றன.

சைவ சித்தாந்தத்தின் பக்கமிருந்து ஒரு மறுப்பு வரக்கூடும். பெண்ணாடத்து மெய்கண்டார், திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார், சிதம்பரத்து உமாபதி சிவாசாரியார் ஆகிய மூவரும் இன்றைய கடலூர் மாவட்டத்தோடு தொடர்புடையவர்கள். உயிர் உடம்பெடுப்பதும் இன்ப துன்பம் நுகர்வதும் வினையின்படி என்பது அவர்களின் கொள்கை. அப்படியானால் கூண்டில் எலி படுவதும் அதன் வினைப்பயன்தானே? கொள்கையை அரைகுறையாகப் படித்தவர்கள் எந்தக் கொடுமைக்கும் சொல்லக்கூடிய சமாதானம் இது. எலி நுகர்வது பழவினை என்றால், அறுப்பவர் செய்வது ஆகாமியம், அதாவது புதுவினை. அது செய்தவர் கணக்கில் ஏறும். வினைக்கொள்கை துன்பப்படுபவனுக்கு விளக்கம் தரலாம். துன்பம் தருபவனுக்கு உரிமம் தருவதில்லை. துன்பம் கடவுள் ஆணை என்றால் அதை நீக்கப் புகுவது ஆணை மீறல் ஆகாதா என்ற கேள்விக்கும் வள்ளலார் பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் அடைத்தவனுக்கும் அரசனே சோறு போடச் செய்கிறான் அல்லவா என்பது அவர் காட்டும் நியாயம்.

சமணத்தின் விடை இன்னும் நுட்பமானது. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுரம் என்ற பெயரில் பழைய சமணக் கல்வி நிலையமாக இருந்தது. லோகவிபாகம் என்னும் நூல் கி.பி. 458இல் அங்கே சர்வநந்தி என்ற முனிவரின் கையில் உருவானது என்பர். தருமசேனராக அங்கே வாழ்ந்த திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்ததும், பள்ளியின் வைத்தியம் பலிக்காமல் திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் திருநீறு பெற்று நலமடைந்ததும் பெரியபுராணம் சொல்லும் கதை. சமண நெறியில் கொலை என்பது உயிர் போவது மட்டுமன்று. பற்றினாலோ அசட்டையினாலோ உயிரைப் போக்குவது. இதை வைத்து ஆய்வாளர் ஒருவர் வாதாடலாம்: எனக்கு எலியின் மேல் பகையில்லை, கவனமாகவே செய்கிறேன், அறுவை மருத்துவர் கத்தி வைப்பதைப் போலத்தான் நானும் வைக்கிறேன். ஆனால் இல்லறத்தாருக்குக்கூடச் சமணம் முற்றாக விலக்குவது சங்கற்பக் கொலையை, அதாவது முன்பே கருதிச் செய்வதை. எலும்பு ஆய்வில் எலியின் சாவு விபத்தாக நேர்வதில்லை. எந்த வாரத்தில் கொல்வது என்பது ஆய்வுத் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

அறுவை மருத்துவரின் உவமை இடறுவது இங்கேதான். அவர் கத்தி படும் உடம்புக்கே நன்மை வருகிறது. சூடு வைக்கும் வைத்தியம் தமிழருக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளில் சுட்டிகை ஒன்று. மஞ்சள் கிழங்கைத் தீயில் காட்டி வைப்பது அதில் ஒரு வகை. நொண்டும் மாட்டுக்குக் கிராமங்களில் சூடு போட்டிருக்கிறார்கள். அது பயன் தந்ததா என்பது வேறு விவகாரம். மாட்டுக்கு வலித்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் சூடு பட்டது மாடு. நடக்க வேண்டியதும் அந்த மாடுதான். ஆய்வு எலியின் சினைப்பையை எடுத்து நோயை உண்டாக்குவதே மனிதர். அந்த நோய்க்கு ஊசி வைப்பதும் எலிக்காக அன்று.

இவ்வளவுக்கும் பிறகு ஆய்வுத் தரப்பின் மிக வலுவான வாதம் மீந்து நிற்கிறது: அவசியம். புதிய மருந்தை முதலில் மனிதருக்குக் கொடுக்க முடியாது. எலும்புப்புரைக்கு வரும் புதிய மருந்துகளைச் சினைப்பை நீக்கிய எலியிலும், கொறிவிலங்கு அல்லாத இன்னொரு விலங்கிலும் சோதிக்க வேண்டும் என்று 1994இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் நெறிமுறை வகுத்தது. அதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. சோடியம் ஃபுளூரைடு எலும்பின் அடர்த்தியை நன்றாகவே ஏற்றியது. ஆனால் 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதுகெலும்பு முறிவு குறையவில்லை, பிற இடங்களில் முறிவுகள் கூடின. அடர்ந்த எலும்பு உறுதியான எலும்பாக இருக்க வேண்டியதில்லை. உறுதியை நேரடியாக அறிய எலும்பை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்; உயிரோடிருக்கும் பெண்ணின் தொடை எலும்பை உடைக்க முடியாது.

மாத்திரை விஷயத்தில் இந்த வாதத்துக்குக் கனம் உண்டு. சூட்டூசிக்கு அது அப்படியே பொருந்தாது. பல நூறு ஆண்டுகளாக மனிதர்கள் தாமாக ஒப்புக்கொண்டு தம் உடம்பில் வாங்கிவரும் சிகிச்சை அது. அதன் ஆபத்தை அறிய எலியைக் கேட்க வேண்டியதில்லை. பயன் உண்டா என்பதையும் மாதவிடாய் நின்ற பெண்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, டெக்ஸா கருவியால் அடர்த்தியை அளந்தும் எலும்பு முறிவுகளை எண்ணியும் கண்டறியலாம். போதாதென்றால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் முறையும் மருத்துவத்தில் உண்டு. மேலும், எலி இந்தக் கேள்விக்குச் சரியான சாட்சியும் அன்று. எலிக்குப் பெண்களுக்குப் போல மாதவிடாய் நிற்பதில்லை. வளர்ந்த பிறகும் நெடுநாள் அதன் எலும்பு நீள்கிறது. ஊசி வைக்க அதை அசையாமல் பிணைக்க வேண்டும். மயக்கினால் ஊசியின் விளைவே மாறலாம். பிணைக்கப்பட்ட எலியின் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும். எலும்பைக் கரைக்கும் ஹார்மோன் வகை அது.

சூடு எந்த வழியில் எலும்பு செல்லை எட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டும் திசுவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆய்வாளர் சொல்லலாம். அது அறிவின் தாகம். பிணியின் துன்பம் அன்று. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்து உலகம் ஏற்றுக்கொண்ட மூன்று நெறிகளின்படியும், விலங்குக்கு மாற்று உண்டா என்பதுதான் முதல் கேள்வி. எண்ணிக்கையைக் குறைப்பதும் வலியைத் தணிப்பதும் அதற்குப் பிறகு வருபவை. சூட்டூசியில் அந்த மாற்று, சம்மதம் சொல்லத் தெரிந்த மனித உடம்பாகவே இருக்கிறது. ஆகவே இந்த ஒரு வகை ஆய்வில் வடலூரின் விடையும் சட்டத்தின் விடையும் வேறு வேறாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய மருந்துகளின் விஷயத்தில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. ஞானசபை வாயிலில் நிற்கும் விதி அங்கேயும் தளர்வதில்லை.