நல்ல நாள் பார்த்து ஏறிய காசு

வாட்ஸ்அப்புக்கு முன்னாடி எஸ்எம்எஸ் பேக் போட்டது ஞாபகம் இருக்கா? தீபாவளி, புத்தாண்டு அன்னைக்கு மட்டும் அது செல்லாது. ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனிக் காசு. அன்னைக்கு நெரிசல்ங்கறது உண்மைதான், மறுக்கலை. ஆனா ஒரு எஸ்எம்எஸ் வெறும் 140 பைட். அதுல ஆங்கிலம்னா 160 எழுத்து, தமிழ்னா 70தான். 'அம்மா'வில் புள்ளியையும் காலையும் தனித்தனியா எண்ணி அஞ்சுன்னு கணக்கு! தமிழில் கொஞ்சம் நீளமா வாழ்த்தினா ரெண்டு மெசேஜ் காசு.

செலவுக்கு ஏத்த விலை நியாயம். இன்னைக்கு எப்படியும் அனுப்புவான்னு தெரிஞ்சு வைக்கிற விலையை என்னால் அப்படிச் சொல்ல முடியலை. வெள்ளத்தில் படகுக்காரர் கூலியை ஏத்தினா திட்டுறோம். அவருக்காவது துடுப்பு போட்டுக் கை வலிக்கும்.