கோலிக்குண்டும் உருளைக்கிழங்கும்

உணவுவிடுதிகள் சுவரிலும் மெனு அட்டையிலும் இப்போது கைப்பேசித் திரையிலும் காட்டுகிற புகைப்படம் பொய்யா என்ற கேள்வி, பார்வைக்குச் சாப்பாட்டு விவகாரம். ஆனால் அடிப்படையில் பிம்பத்தின் தார்மீகம் பற்றியது என்பதால் நமக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும்.

இரண்டு அமெரிக்க விவகாரங்களை எடுத்துக்கொள்கிறேன். 1968இல் காம்ப்பெல் சூப் விளம்பரங்களுக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுப் படமெடுத்தார்கள். அடியில் தங்கிவிடுகிற காய்த்துண்டுகள் மேலே வந்து நின்றன. ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆட்சேபித்தது. 1970இல் நிறுவனம் பணிந்தது. இதற்கு முன்பே, 1965இல், ஒரு சவரக் களிம்பு விளம்பர வழக்கில், விளக்குச் சூட்டில் உருகும் ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கைக் காட்டலாமா என்ற கேள்வியும் சுப்ரீம் கோர்ட் முன் வந்தது. பண்டத்தின் குணத்துக்கு நிரூபணமாகக் காட்டாதவரை காட்டலாம் என்றது கோர்ட்.

ஆக, கிண்ணத்தில் அசல் சூப்பும் அசல் காய்களும் இருந்தும் அது ஏமாற்று. ஐஸ்கிரீமே இல்லாத கிண்ணம் ஏமாற்றில்லை. வங்கி குமாஸ்தாவான எனக்கு இதில் வியப்பில்லை. கையெழுத்து அசலாகவே இருக்கும், கணக்கில் பணமிராது, செக் திரும்பும். படத்தின் உண்மை, அது எதற்கு ஜாமீன் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

சட்டம் இத்தோடு திருப்தியடையலாம். நமக்கு முடியாது. 1957இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் ரோலான் பார்த், ‘எல்’ என்ற பிரெஞ்சுப் பத்திரிகையின் சமையல் படங்களை ஆராய்ந்தார். அப்பண்டங்களை வாங்க வசதியற்ற வாசகிகளுக்கு அவை கண்ணால் மட்டுமே உண்ணும் உணவு என்றார். உணவுவிடுதியில் நிலைமை வேறு. படத்தில் கண்டதைக் காசு கொடுத்தால் உண்ணலாம். அதனாலேயே படத்தின் அதிகாரம் கூடிவிடுகிறது. பரிமாறுகிறவர் ‘ரவா தோசை’ என்று ஒப்பிக்கும்போது நான் இதுவரை தின்ற தோசைகளெல்லாம் நினைவில் எழுகின்றன. படமோ அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கி, எல்லோருக்கும் ஒரே தோசையை நீட்டுகிறது. பிறகு தட்டில் வருவது அந்தப் படத்தின் நகலாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். சமையற்காரரும் படத்துக்காகச் சமைக்கத் தொடங்குகிறார். கேழ்வரகுக் கூழும் கீரை மசியலும் படத்தில் எடுபடாது. எடுபடாதவற்றுக்கு மெனுவில் எத்தனை நாள் இடமிருக்கும்?

பாஷை தெரியாத ஊரில், எழுத்தறியாத ஒருவர் விரலால் சுட்டிக் கேட்கப் படம் உதவுகிறது. இதை மறுப்பது மேட்டிமைத்தனம். சுட்டுவதற்கான படத்தோடு எனக்குச் சண்டையில்லை; ருசிக்கு நீதிபதியாக உட்கார்ந்துவிடும் படத்தோடுதான்.

நம் கவிதைகளிலும் கோலிகள் உண்டு. படிமங்களெல்லாம் அசல்தான். இருக்கிற கொஞ்சம் அனுபவத்தை நிறைய இருப்பதாகக் காட்ட அடியில் என்ன போட்டிருக்கிறது என்று விமர்சகன் கரண்டியை விட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.