ஆசிரியரின் தகுதியும் அவருக்களித்த வாக்கும்

அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1979-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலை நகரின் முத்திரை பதித்த பட்டத்தோடு ஆசிரியப் பணிக்கு வந்தவர்கள் தமிழகப் பள்ளிகளில் ஏராளம். அன்று அரசு கேட்ட தகுதி பட்டமும் பயிற்சியும்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி பலருக்கு அழைப்பு வந்தது. பணியாணை பெற்றார்கள், தலைமுறைகளுக்குப் பாடம் நடத்தினார்கள்.

2025 செப்டம்பர் 1-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குக் கற்பிப்போர், 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே நியமிக்கப்பட்டிருந்தாலும், இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தவறினால் வேலையை விட வேண்டும். ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் மட்டும் தேர்வின்றி நீடிக்கலாம். பதவி உயர்வு கிடையாது.

இது நீதியா? சிந்தித்துப் பாருங்கள்!

பிள்ளைகள் நம்மிடமுள்ள அமானிதம். கற்பிக்கத் தெரியாதவரிடம் ஓராண்டை இழந்த பிள்ளைக்கு அதை யார் திருப்பித் தர முடியும்? எனவே ஆசிரியரைச் சோதிக்கவே கூடாது என்பார் வாதம் எடுபடாது.

ஆனால், திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஏவியே தொடங்குகிறது. பணியாணையும் ஓர் ஒப்பந்தமல்லவா? இருபதாண்டு உழைப்பைப் பெற்றுக்கொண்ட பின் புது நிபந்தனை விதிப்பவர், அதை நிறைவேற்றும் வழியையும் செய்து தரக் கடமைப்பட்டவர்.

தகுதித் தேர்வில் 150 வினாக்கள். விடையைத் தேர்ந்து குறிக்க வேண்டும். ஆசிரியரின் பாட அறிவை அது ஓரளவு காட்டும். பின்தங்கிய மாணவனை அவர் எப்படி அரவணைக்கிறார் என்பதைக் காட்டுமா? வகுப்பறைக்கே சென்று பார்த்து, குறையைச் சொல்லி, பயிற்சியும் அவகாசமும் தந்து, அதன் பிறகும் திருந்தாதவரை விலக்குவதே முறை. பணிப் பாதுகாப்பு சோம்பலுக்குக் கேடயமன்று; விசாரணையின்றி ஒருவரின் பிழைப்பைப் பறிக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த மாலிக்கி அறிஞர் இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். மாணவரிடையே பாரபட்சமின்றி நடக்கும் கடமையும் ஆசிரியருக்குரிய கூலியும் அதில் சேர்ந்தே பேசப்படுகின்றன. கடமையையும் உரிமையையும் அந்தப் பெரியார் பிரிக்கவில்லை.

சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இத்தேர்வு பொருந்துமா என்ற கேள்வியை அதே தீர்ப்பு பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது. முடிவு எதுவாயினும் நம் பொறுப்பு மாறாது. நிர்வாகம் மாறியதும் மக்தபின் உஸ்தாதை ஒரே நாளில் அனுப்பிவிடும் ஜமாஅத்துகள் நம்மிடையே இல்லையா? அவர் கற்பிக்கும் முறையை ஒருநாளாவது அருகிருந்து பார்த்தோமா? வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத், அரசுக்குச் சொல்லும் நீதியைத் தன் மஹல்லாவில் முதலில் நிறைவேற்றட்டும்.

வல்ல அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.