தீர்வை இல்லாத நிலம்

ஒருவனை ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்ல நாம் சட்டென்று எடுத்து வீசும் வசை ஒன்று, தாலுகா அலுவலகக் கோப்பிலிருந்து தெருவுக்கு வந்தது: புறம்போக்கு. குறைத்து மதிப்பிடத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லைப் போல மண்ணையும் மனிதரையும் சேர்த்துச் சிறுமைப்படுத்திய வேறொன்றை நான் அறியேன்.

வருவாய்த் துறைக்கு இது வசையே அல்ல. யார் பெயரிலும் பட்டா இல்லாத, தீர்வை விதிக்கப்படாத பொது நிலம், அவ்வளவுதான். ஆளுநர் தாமஸ் மன்றோ காலத்தில் சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறை வேரூன்றியது. வயல்களை அளந்து, உழுபவர் பெயரில் தீர்வை போட்டார்கள். வரி தராத இடங்கள் தனியாக எழுதப்பட்டன. இன்றும் எந்த ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டையும் புரட்டினால் அவை வரும்: ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், களம், மந்தைவெளி, சுடுகாடு. ஓர் ஊர் ஊராக இருப்பதற்கு வேண்டியவை எல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன!

மேய்க்காலை மட்டும் எடுத்துக்கொள்வோம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண் நாலு ஆடு வளர்க்கிறாள். அவற்றை எங்கே ஓட்டிப் போவாள்? ஐப்பசி மழைக்குப் பிறகு அறுகும் கோரையும் தழைத்துக் கிடக்கும் அந்தப் பொட்டலுக்குத்தான். காலையில் பட்டியைத் திறந்துவிட்டு, துரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவள், பொழுது சாயும்போது தலையில் ஒரு கட்டு விறகோடு திரும்புகிறாள். ஆடித் திருவிழாவுக்கு ஒரு கிடா விற்றால் பிள்ளைக்குப் புத்தகப் பை, சீருடை, கடைக்காரரின் பழைய பாக்கி எல்லாம் தீரும். இந்த வருமானம் பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் ஏறாது. ஆகவே அந்த நிலத்துக்கு 'உபயோகம் இல்லை' என்று ஒருநாள் யாராவது எழுதிவிட முடிகிறது. சுற்றுச்சுவர் எழும்புகிறது. அதற்கடுத்த வாரம் அவள் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறாள்.

வரி இல்லாத நிலத்தை ஒதுக்கி எழுதியது வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளிலும் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, சேரிகள் எல்லாம் இறையிலியாகக் கழிக்கப்பட்டுள்ளன. வேலி என்னும் நில அளவில் மிக நுண்ணிய பின்னங்கள்வரை அளந்து கழித்திருக்கிறார்கள். வரி கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்த அளவை. மதிப்பில்லை என்று நினைத்தவன் அவ்வளவு பாடுபட்டு அளந்திருக்க மாட்டான்.

அந்த மதிப்பை நாம் எப்படித் தொலைத்தோம் என்று பார்க்கப் பள்ளிக்கரணைக்கு வருவோம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரை வாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குக் கொடுக்கும் சதுப்பு அது. அதன் பெருங்குடிப் பகுதியில் மாநகரத்தின் குப்பையைக் கொட்டினோம். மிச்சத்தில் பெரும்பகுதியைச் சாலையும் கட்டடமுமாக்கினோம். 2015 டிசம்பரில் அந்தச் சுற்றுவட்டாரம் வெள்ளத்தில் மிதந்தபோது, தண்ணீர் தன் பழைய இடத்தைத்தான் தேடி வந்தது. 2022இல் அந்தச் சதுப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது: சுமார் 1,247 ஹெக்டேர். உலகம் மதிப்புச் சொன்ன பிறகுதான் நமக்கு மதிப்புத் தெரிகிறது என்பது வருத்தம் தரும் விஷயம்.

ஒரு பொருளுக்கு விலை சொல்ல உரிமையாளர் வேண்டும். எல்லோருக்கும் உரியதற்கு விலை சொல்ல யாரும் இல்லை. அதனால் அது மலிவு என்று ஆகிவிடுகிறது. அதை அண்டி வாழ்கிறவரும் மலிவாகிவிடுகிறார். பட்டா இல்லாத மண்ணில் குடிசை போட்டவரை, ஆடு மேய்ப்பவரை, கரையோரத்தில் மீன் பிடிப்பவரைத்தான் அந்த வசை நேராகப் போய்த் தைக்கிறது. நாம் அளந்தது மண்ணின் தரத்தை அல்ல, அதிலிருந்து கஜானாவுக்கு வந்த காசை. அந்தக் காசுக் கணக்கையே மனிதருக்கும் தராசாக்கிவிட்டோம்.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தென்னிந்தியாவின் மந்தைவெளியையும் புறம்போக்கையும் அந்தத் தீர்ப்பு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதே தீர்ப்பு, நிலமற்ற ஏழைகளுக்கு அரசு அளித்த குத்தகை போன்ற சிலவற்றுக்கு விலக்கும் சொல்கிறது. ஆக்கிரமிப்புக்கும் விலக்குக்கும் இடையிலான அந்த வேறுபாட்டை நடைமுறையில் காப்பாற்றுவது ஊரின் பொறுப்பு.

உங்கள் கிராமத்தின் 'அ' பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். மேய்க்கால் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, களம் எங்கே, ஓடையின் பரப்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அவற்றைப் பற்றிக் கேளுங்கள். இனி அந்தச் சொல்லை எந்த மனிதர்மீதும் எறியாதீர்கள்.